மண்ணுக்கடியில் இருப்பதை மேலிருந்தே வரைவது எப்படி?

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூருக்குப் பக்கத்தில் ஊட்டத்தூர் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே அரியலூரைத் தாண்டிச் செந்துறைப் பக்கத்து நின்னியூர் வரை போனால், 50 கிலோமீட்டருக்குள் பயணம் முடிந்துவிடும். அந்தத் தொலைவுக்குள் காலடியில் உள்ள பாறைகளின் வயது ஏறத்தாழ 11 கோடி ஆண்டிலிருந்து 6.5 கோடி ஆண்டுக்கு வந்துவிடுகிறது. மேற்கே மூத்த கடல் வண்டல், கிழக்கே போகப் போக இளைய வண்டல். வழியெங்கும் சோளக்கொல்லை, முந்திரிக்காடு, கரிசல், செம்மண், ஏரி, ஊர் என்று மாறி மாறி வருமே தவிர, கண்ணுக்குப் பாறை தென்படும் இடங்கள் குறைவு. அப்படியிருந்தும் எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வண்ணம் பிரித்துக் காட்டும் வரைபடம் நம்மிடம் இருக்கிறது.

அதன் அடித்தளத்தை இட்டவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1851இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவர், 1850களின் இறுதியில் திருச்சி, தென்னார்க்காடு வட்டாரங்களில் சுற்றித் திரிந்து, 1862இல் விரிவான அறிக்கை எழுதினார். இங்குள்ள கிரெட்டேசியஸ் காலக் கடல் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பிரித்தார். அவற்றின் கிழக்கு விளிம்பில் உள்ள இளைய பாறைகள் பிற்காலத்தில் நின்னியூர்த் தொகுதி எனத் தனியே பிரிக்கப்பட்டன. பிளான்ஃபோர்டு பின்னர் வானிலை அறிவியலுக்குப் போய், 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். அவர் வகுத்த மூன்று தொகுதிகளையோ, 160 ஆண்டுகள் கழித்தும் ஆய்வாளர்கள் திருத்தியும் விரித்தும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

செயற்கைக்கோளும் ஆழ்துளைக் கிணறும் இல்லாத காலத்தில் இது எப்படிச் சாத்தியமானது? வியப்பூட்டும் கருவி எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. நடப்பது, பார்ப்பது, அளப்பது, குறிப்பது, பார்த்ததிலிருந்து பாராததை நிதானமாக ஊகிப்பது, இவைதான். இன்றும் நிலவியல் மாணவர்கள் களத்தில் கற்கும் பாடம் இதுவே. அரியலூர் வட்டாரம் அதற்கு நாட்டிலேயே பேர்பெற்ற பயிற்சிக் களங்களில் ஒன்று.

வீட்டிலேயே தொடங்கும் வேலை

நிலவியல் வரைபடம் வெற்றுத் தாளில் வரையப்படுவதில்லை. அடியில் ஒரு நிலப்படம் வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். மேடு பள்ளத்தைக் காட்டும் சம உயரக் கோடுகள், ஓடை, ஏரி, வண்டிப்பாதை, கோயில் எல்லாம் அதில் இருக்கும். அந்த அளவுப் படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பென்சில் கோடு தரையில் 25 மீட்டரை மறைத்துவிடும். ஆகவே நுணுக்கமான வேலைக்கு 1:25,000 அல்லது 1:10,000 அளவில் பெரிதாக்கிய படத்தை எடுத்துச் செல்கிறார்கள். என்ன அளவில் வரைகிறோம் என்பதே எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அடுத்து, அந்த இடத்தைப் பற்றி முன்பு எழுதப்பட்டவற்றைப் படிக்க வேண்டும். விண்ணிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, எங்கே மண்ணின் நிறம் மாறுகிறது, எங்கே ஓடைகள் ஒரே நேர்கோட்டில் திரும்புகின்றன, கல்குவாரிகள் எங்கே உள்ளன என்று குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாதையில் நடப்பது என்ற முடிவு இதிலிருந்துதான் பிறக்கும். அரியலூர்ப் பாறை அடுக்குகள் ஏறக்குறைய வடக்கு-வடகிழக்கிலிருந்து தெற்கு-தென்மேற்காக நீண்டு கிடக்கின்றன. அவற்றின் போக்கிலேயே நடந்தால் நாள் முழுக்க ஒரே பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்காக நடந்தால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லா அடுக்கும் வரும். எனவே முதலில் குறுக்காகச் சில நடைகள். பாறைகளின் வரிசை பிடிபட்ட பிறகு, இரண்டு பாறைகளுக்கு இடைப்பட்ட எல்லையைப் பிடித்துக்கொண்டு அதன் போக்கிலேயே நடப்பது. இவ்விரு முறைகளையும் கலந்து செய்வதுதான் கள வரைபட வேலை.

பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், சாய்வுமானியோடு சேர்ந்த காம்பஸ், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள சிறு புட்டி, அளவு நாடா, மாதிரிகளுக்கான பைகள், ஜிபிஎஸ், கெட்டி அட்டைக் குறிப்பேடு, பென்சில்கள். டேவிட் பிரண்டன் என்ற சுரங்கப் பொறியாளர் 1894இல் காப்புரிமை பெற்ற பிரண்டன் காம்பஸ், திசையையும் சாய்வையும் ஒரே கருவியில் அளக்க உதவுவதால் இன்றும் நிலவியலாளர் கையை விட்டுப் போகவில்லை. கல் உடைக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும். போதிய தண்ணீர் வேண்டும். நிலத்துக்குள் காலடி வைக்குமுன் அதன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதுவும் களப்பணியின் ஒரு பகுதிதான்.

பாறையின் முன்னால்

நிலத்தோடு பிடித்துக்கொண்டு வெளியே தலைகாட்டும் பாறையைப் பாறை வெளிப்பாடு என்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது இந்த இடத்துப் பாறைதானா? வரப்போரம் குவித்த கல், ஓடை உருட்டி வந்த கல், லாரியில் வந்து கொட்டிய கல் எல்லாம் ஏமாற்றும். அசையாமல் நிலத்தோடு ஒட்டியிருக்கிறதா, பக்கத்துப் பாறைகளிலும் இதே அடுக்கு இதே திசையில் போகிறதா என்று பார்த்த பிறகே அதைக் கணக்கில் எடுக்கலாம்.

அப்புறம் சற்றுத் தள்ளி நின்று முழுப் பாறையையும் பார்க்க வேண்டும். அடுக்குகள் உள்ளனவா, மடிந்துள்ளனவா, முறிந்துள்ளனவா என்பது தூரத்திலிருந்துதான் தெரியும். பிறகு நெருங்கி வந்து ஒரு துண்டை உடைத்து, வெயிலும் மழையும் படாத புதுமுகத்தை லென்ஸில் பார்க்க வேண்டும். மணிகளின் அளவு என்ன, உருண்டையா கூரா, அவற்றை ஒட்டவைத்திருப்பது எது? ஒரு துளி அமிலம் விட்டால் சுண்ணாம்புக்கல் சட்டென்று நுரைக்கும். டோலமைட் பாறையானால் பொடியாக்கிய பிறகே நுரைக்கும். வெங்கச்சாங்கல்லிலோ அமிலம் வெறும் தண்ணீர்போல வழிந்து போகும்.

குறிப்பேட்டில் எழுதும் பதிவு இப்படி இருக்கலாம்: "இடம் 14. ஓடையின் இடது கரை. மஞ்சள் கலந்த பழுப்பு மணற்கல், நடுத்தர மணிகள், அமிலத்தில் நுரைக்கிறது. சிப்பி ஓடுகள் நிறைய, பல உடைந்தவை. கிடைத்திசை 020, சாய்வு 6 பாகை கிழக்கு-தென்கிழக்கு. மேலே ஒரு மீட்டர் செம்மண்." இதோடு ஒரு கைப்படம். புகைப்படம் எல்லாவற்றையும் சமமாகக் காட்டும். கையால் வரையும்போதோ எது முக்கியம் என்று கண் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆகவேதான் கேமரா வந்த பின்னும் களப் படம் வரையும் வழக்கம் ஒழியவில்லை.

கிடைத்திசையும் சாய்வும்

அந்தப் பதிவில் உள்ள இரண்டு எண்களில்தான் மண்ணுக்கடியில் பார்க்கும் வித்தை அடங்கியிருக்கிறது. ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் எந்தப் பக்கம் வழிகிறதோ அது சாய்வுத் திசை. கூரை தரையோடு எவ்வளவு கோணம் வைத்திருக்கிறதோ அது சாய்வின் அளவு. கூரையின் முகடு மட்டமாக எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே கிடைத்திசை. சாய்ந்த பாறை அடுக்குக்கும் இதே மூன்றையும் அளக்கலாம். பாறைப் பரப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தால் சாய்வுத் திசை தெரிந்துவிடும். அதற்குச் செங்குத்தாகக் காம்பஸை மட்டமாக வைத்தால் கிடைத்திசை கிடைக்கும். சாய்வுத் திசையிலேயே சாய்வுமானியை வைத்துக் கோணத்தை அளக்க வேண்டும். வேறு திசையில் வைத்தால் உண்மையைவிடக் குறைந்த கோணம்தான் வரும். குவாரிச் சுவர் ஒன்றில் மட்டும் அடுக்கைப் பார்த்துச் சாய்வைச் சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான். சுவர் கிடைத்திசையிலேயே வெட்டப்பட்டிருந்தால், நன்றாகச் சாய்ந்த அடுக்குகூடப் படுக்கைமட்டமாகத் தோன்றும்.

காம்பஸ் முள் இரும்பின் பக்கம் இழுபடும். சுத்தியலை அருகில் வைத்துக்கொண்டு அளக்கக் கூடாது. சேலத்தை ஒட்டிய கஞ்சமலைபோல மேக்னடைட் நிறைந்த மலைகளில் பாறையே முள்ளைத் திருப்பிவிடும். அங்கே சூரியனையோ தொலைவிலுள்ள அடையாளங்களையோ வைத்துத் திசை பார்க்க வேண்டும்.

அளவில் ஏன் இத்தனை கவனம்? சமதரையில் ஒரு பாறைத் தொகுதி, கிடைத்திசைக்குக் குறுக்கே 1 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்று வைப்போம். சாய்வு 5 பாகை என்றால் அதன் உண்மைத் தடிமன் சுமார் 87 மீட்டர். 7 பாகை என்று அளந்துவிட்டால் கணக்கு சுமார் 122 மீட்டராகிவிடும். 2 பாகைப் பிழை 35 மீட்டர்ப் பாறையை இல்லாத இடத்தில் உண்டாக்கிவிடும். அரியலூர்போல அடுக்குகள் மென்மையாகச் சாயும் இடத்தில் ஒரே அளவை நம்பாமல், பல இடங்களில் அளந்து ஒப்பிடுவது அதனால்தான்.

பாறையே தெரியாத இடத்தில்

காரை கிராமத்தை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் வேலை எளிது. மழை அரித்த ஆயிரமாயிரம் ஓடைப் பள்ளங்களில் ஊட்டத்தூர்த் தொகுதியின் களிமண் அடுக்குகள் வெட்டவெளியில் நிற்கின்றன. குறுக்கும் நெடுக்குமாக ஜிப்சம் நரம்புகள் வெயிலில் மின்னும். அழிந்துபோன கடலுயிர்களான அம்மோனைட்டுகளும் பெலம்னைட்டுகளும் தொல்லெச்சங்களாகக் கிடைக்கும். ஆனால் இப்படி வாய்த்த இடங்கள் சிலவே. மற்ற இடங்களில் நிலவியலாளர் துப்பறிய வேண்டியிருக்கிறது.

முதல் துப்பு மண். சுண்ணாம்புச் சத்துள்ள களிமண் பாறைமேல் பெரும்பாலும் கரிசலும் சுக்கான்கல்லும் வரும். மணற்கல்மேல் செம்மண்ணோ மணல் கலந்த மண்ணோ வரும். நிறம் மாறும் இடம் எல்லைக்கு அருகில் இருக்கிறோம் என்று சொல்கிறது. இரண்டாவது துப்பு சிதறிய கற்கள். கல் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் உருளும், மேலே ஏறாது. ஆகவே சரிவில் ஏறிக்கொண்டே போய், ஒரு வகைக் கல் எந்த உயரத்தோடு நின்றுவிடுகிறது என்று பார்த்தால், அதன் தாய்ப்பாறையின் மேல் எல்லை அங்கேதான். மூன்றாவது துப்பு ஓடைக் கரை, சாலை வெட்டு, கால்வாய், வெட்டிக்கொண்டிருக்கும் கிணறு. எங்கெல்லாம் மனிதரும் நீரும் மண்ணைக் கீறியிருக்கிறார்களோ அங்கெல்லாம் போய் நிற்க வேண்டும்.

நான்காவது துப்பு ஊர்க்காரர்கள். கிணறு வெட்டுபவருக்கு, "முப்பதடியில் சுண்ணாம்புக்கல் தட்டுப்பட்டது" என்பது அனுபவம். நிலவியலாளருக்கு அது அரிய தரவு. மூன்று கிணறுகள் இருந்தால் போதும், பாறையைக் கண்ணால் பார்க்காமலே அதன் சாய்வைச் சொல்லிவிடலாம். சமதரையில் ஒரு கிணற்றில் 30 அடியில் சுண்ணாம்புக்கல் வருகிறது. அதற்கு நேர் வடக்கே உள்ள கிணற்றிலும் 30 அடிதான். நேர் கிழக்கே 300 அடி தள்ளியுள்ள கிணற்றில் 45 அடி. வடக்கு-தெற்காக ஆழம் மாறவில்லை, ஆகவே கிடைத்திசை வடக்கு-தெற்கு. கிழக்கே 300 அடிக்கு 15 அடி இறங்குகிறது, ஆகவே சாய்வு கிழக்கு நோக்கி ஏறக்குறைய 3 பாகை.

கோடு எங்கே வளைகிறது?

புள்ளிகள் சேர்ந்த பிறகு அவற்றை இணைத்து எல்லைக்கோடு போட வேண்டும். இங்கே பலர் நேர்கோடு போட்டுவிடுவார்கள். பாறை அடுக்கு ஒரு தளம். நிலமோ மேடும் பள்ளமுமானது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் கோடு நிலத்துக்கேற்ப வளையும். அடுக்கு செங்குத்தாக நின்றால் மட்டும் எந்த மேடு பள்ளத்திலும் கோடு நேராகப் போகும். அடுக்கு படுக்கைமட்டமாக இருந்தால் எல்லை, சம உயரக் கோட்டை ஒட்டியே ஓடும். இடைப்பட்ட சாய்வுகளில், ஓடைப் பள்ளத்தைக் கடக்கும்போது கோடு கூராக வளைந்து, பொதுவாக அடுக்கு சாயும் பக்கத்தைச் சுட்டிக்காட்டும். கிழக்கே 5 பாகை சாயும் அடுக்கை 10 மீட்டர் ஆழப் பள்ளம் வெட்டினால், பள்ளத்தின் அடியில் எல்லை 100 மீட்டருக்கும் மேலாகக் கிழக்கே தள்ளிப்போகும். இந்த வளைவைப் படத்தில் படிக்கத் தெரிந்தவர், அளவு எடுக்காத இடத்திலும் அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுவார்.

எல்லையின் இயல்பும் முக்கியம். ஒரு பாறை மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறுகிறதா, திடீரென்று மாறுகிறதா? அல்லது இரண்டும் முறிந்து நகர்ந்த பிளவுப்பெயர்ச்சியில் சந்திக்கின்றனவா? ஊட்டத்தூருக்கு மேற்கே நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய பாறைகள் உள்ளன. அவை அரிக்கப்பட்டுத் தேய்ந்த பரப்பின்மேல்தான் கிரெட்டேசியஸ் கடல் ஏறி வந்து வண்டலைப் படிய வைத்தது. இரண்டு பாறைகளுக்கும் இடையே நூறு கோடி ஆண்டுகளையும் தாண்டிய இடைவெளி இருக்கிறது. படத்தில் அது வெறும் ஒரு கோடு. அந்தக் கோட்டின் ஒரு பக்கம் கால் வைத்து மறுபக்கம் கால் வைப்பவர், பூமி வரலாற்றில் பதிவே இல்லாத ஒரு பெருங்காலத்தைத் தாண்டுகிறார்.

ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு மணற்கற்களைப் பிரிக்கத் தொல்லெச்சங்கள் கைகொடுக்கின்றன. ஒவ்வொரு அடுக்குக்கும் உரிய உயிரினங்கள் உண்டு என்பதை இங்கிலாந்தில் கால்வாய் வேலைகளுக்காக நிலம் அளந்த வில்லியம் ஸ்மித் கண்டுகொண்டார். அதன் துணையோடு அவர் 1815இல் வெளியிட்ட இங்கிலாந்து–வேல்ஸ் வரைபடம், ஒரு நாட்டையே பாறைகளால் வண்ணம் தீட்டிக் காட்டியது. அரியலூரிலும் இதே வழிதான். கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லும் வெவ்வேறு காலத்தவை என்பதை அவற்றில் பதிந்த உயிர்களே சொல்கின்றன. கல்லங்குறிச்சிப் பாறையில் கையளவுச் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். அதே சுண்ணாம்புக்கல்தான் அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி.

கண்டதும் ஊகித்ததும்

நல்ல நிலவியல் வரைபடத்தின் அழகு அதன் நேர்மையில் இருக்கிறது. கண்ணால் கண்ட எல்லைக்கு முழுக்கோடு. ஏறக்குறைய இங்கே என்று தெரிந்ததற்கு விட்டுவிட்டு வரைந்த கோடு. மண்ணால் மூடப்பட்டு ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு. களத்தில் எடுத்துச் செல்லும் தாளில், நேரில் பார்த்த பாறை வெளிப்பாடுகளை அழுத்தமான நிறத்திலும், இடைப்பட்ட ஊகங்களை வெளிறிய நிறத்திலும் தீட்டும் வழக்கம் உண்டு. அடுத்து வருபவர், எதை நம்பலாம், எங்கே மறுபடி தேட வேண்டும் என்று ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். பிளான்ஃபோர்டின் வேலையைப் பின்வந்தவர்களால் திருத்த முடிந்ததற்குக் காரணம், அவர் எங்கே எதைப் பார்த்தார் என்று எழுதி வைத்ததுதான். எல்லாம் தெரிந்ததுபோல வரையப்பட்ட படத்தைத் திருத்தவும் முடியாது, நம்பவும் முடியாது.

வேலையை அன்றன்றே முடிப்பது இதற்கு அவசியம். பென்சிலில் குறித்தவற்றை மாலையில் மையால் எழுதி, மாதிரிகளுக்கு எண் சரிபார்த்து, அன்று வரை கிடைத்ததை வைத்து நிலத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு வெட்டுமுகப் படம் வரைந்து பார்க்க வேண்டும். அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால், எங்கோ அளவு தவறியிருக்கிறது, அல்லது கண்ணில் படாத ஒரு பிளவுப்பெயர்ச்சி இருக்கிறது. மறுநாள் எங்கே நடக்க வேண்டும் என்பதை அந்த முரண்பாடே சொல்லிவிடும். நிலவியல் வரைபடம் இப்படித்தான் வளர்கிறது. ஊகித்து, அந்த ஊகத்தைச் சோதிக்கும் இடத்தைத் தேடிப் போய், திருத்தி, மறுபடி ஊகிக்க வேண்டும்.

இன்று டேப்லட்டிலேயே வரையலாம். ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும். ட்ரோன், குவாரிச் சுவரை முப்பரிமாணத்தில் படம் பிடிக்கும். இவை வேலையை வேகமாக்குகின்றன. ஆனால் விண்ணிலிருந்து பார்க்கும் கண் மண்ணின் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. இது மணற்கல்லா, மணல் கலந்த சுண்ணாம்புக்கல்லா என்று உடைத்துப் பார்த்து அமிலம் விட்டால்தான் தெரியும். அதற்கு ஒருவர் அங்கே போய்க் குனிந்துதான் ஆக வேண்டும்.

யாருக்குப் பயன்?

எங்கே கிணறு வெட்டினால் நீர் நிற்கும், அணையின் அடித்தளம் தாங்குமா, மலைச்சாலையின் எந்த வளைவில் சரிவு வரலாம், சுண்ணாம்புக்கல் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு தடிமனில் உள்ளது என எல்லாக் கேள்விகளுக்கும் முதல் பதில் நிலவியல் வரைபடத்திலிருந்து வருகிறது. சாய்வுத் திசை தெரியாமல் மலைச்சரிவை வெட்டினால், அடுக்குகள் சாலைப் பக்கமாகச் சரிந்து நிற்கும் இடத்தில் நாமே நிலச்சரிவை அழைத்து வருகிறோம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தன் வரைபடங்களைப் பூகோஷ் என்ற இணையதளத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தம் ஊரின் பாறை எது என்று அறிய விரும்பும் பள்ளி மாணவரும் அதைத் திறந்து பார்க்கலாம்.

படத்தைத் திருத்திக்கொண்டே இருக்கச் சான்றுகள் எஞ்ச வேண்டும். 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் இதே வட்டாரத்தில் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளத்தோடு இன்றும் கிடப்பது அதற்கு வேலி போட்டுக் காப்பதால்தான். மற்ற இடங்களுக்கு அந்தக் காவல் இல்லை. குவாரியில் நீர் நிறைந்தால் அதன் சுவர் சொல்லும் கதை போய்விடும். கிணற்றுக்கு உறை இறக்கினால் அடுக்குகள் மறைந்துவிடும். பையில் போட்டு எடுத்துச் செல்லும் தொல்லெச்சம், அது கிடைத்த இடத்தின் குறிப்பு இல்லாவிட்டால் வெறும் கல்தான். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கிணறோ அடித்தளமோ தோண்டும்போது, பாதுகாப்பாக மேலே நின்றே படம் எடுங்கள். எந்த இடம், எந்த ஆழத்தில் எந்த நிற மண், எந்த வகைப் பாறை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்குக் கொடுங்கள். புள்ளிக்கோடாக நிற்கும் எல்லைகளை முழுக்கோடாக்க அந்தத் தாள் உதவும்.